இரண்டாம் சாட்சியின் கையெழுத்து



நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் ஜெபித்துக்கொள்ள வருகிற வாலிபர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "கோப்பில் என்னென்ன வைத்திருக்கிறாய்?" சிலர் திகைக்கிறார்கள். உபவாசித்தாயா, வேதம் வாசித்தாயா என்று போதகர் கேட்பார் என எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு, நியமனக் கடிதம் எங்கே, சம்பளச் சீட்டு எங்கே, பழைய நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழ் எங்கே என்று அவர் கேட்பது விந்தையாக இருக்கிறது. இந்த வழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதை இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். அது எனக்குப் பெருமை சேர்க்கிற கதையன்று.

நான் முன்பு ஊழியம் செய்த ஒரு சேகரத்தில் ஆலயப் பணியாளர் ஒருவர் இருந்தார். தென்மாவட்டங்களில் கோயில்குட்டியார் என்பார்களே, அந்தப் பணி. விடியற்காலை மணி அடிப்பது அவர். ஆலயத்தைப் பெருக்குவது அவர். ஒலிபெருக்கி கரகரத்தால் ஓடிவந்து சரிசெய்வது அவர். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை இயக்குவது, மோட்டார் பழுதானால் கழற்றி மாட்டுவது, கல்லறைத் தோட்டத்தில் முள்ளை வெட்டுவது, அசனப் பண்டிகைக்கு அண்டா இறக்குவது எல்லாம் அவரே. நான் அந்தச் சேகரத்துக்கு மாற்றலாகி வந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஆலயத்தின் தூண்களைப் போல, எப்போதும் இருந்தவர் என்றே நான் எண்ணிக்கொண்டேன். எப்போது வந்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் பிரசங்கத்தை நான் ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில், அவர் வந்து வாசலில் நின்றார். பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐந்து ஆண்டு அனுபவத்துக்குச் சான்று இருந்தால் ஒரு சம்பளம். இல்லையென்றால் உதவியாள் என்ற பெயரில் அதைவிட 5,000 ரூபாய் குறைவு. மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். "ஐயா, நம்ம கோயில்ல வேலை பார்த்தேன்னு ஒரு லெட்டர் மட்டும் வேணும்" என்றார். சபையை விட்டுப் போவதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறவர்போல் தலை குனிந்திருந்தார்.

இதற்கென்ன, ஐந்து நிமிட வேலை என்று நினைத்துச் சபையின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தேன். 'இன்னார் இன்ன தேதி முதல்' என்று எழுதியவுடன் பேனா நின்றுவிட்டது. எந்தத் தேதி முதல்? அவருக்கும் தெரியவில்லை. சரியாக நினைவில்லை என்றார். ஏறக்குறைய பதினோரு வருடம். நான் அங்கே வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. எனக்கு முன் இருந்த போதகர் ஓய்வு பெற்றுத் தொலைவில் இருந்தார். தொலைபேசியில் கேட்டபோது, நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் நான் வந்தபோதே அவர் இருந்தாரே என்றார். அவருக்கும் முன்பிருந்தவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். வாய்மொழியாக அவரை வேலைக்குச் சேர்த்தது அவர்தான்.

திங்கட்கிழமை காலையில் நானும் கமிட்டிச் செயலாளரும் அலமாரியைத் திறந்து கணக்குப் புத்தகங்களை எல்லாம் மேசைமேல் அடுக்கினோம். எங்கள் சபைக் கணக்கு மிகவும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல், எந்த மாதம் எத்தனை பல்பு, விளக்குமாறு என்ன விலை, எல்லாம் இருந்தது. அந்த மனிதரின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. 'ஆலயப் பராமரிப்பு வகைக்கு' என்று ஒரு தொகை மாதந்தோறும் எழுதப்பட்டிருந்தது. அதற்குள்தான் அவர் இருந்தார். காணிக்கைப் பணத்திலிருந்து எண்ணிக் கையில் கொடுக்கப்பட்ட சம்பளம். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை, வங்கி இல்லை.

பிரியமானவர்களே, எஸ்றாவின் புஸ்தகம் இரண்டாம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகக் கடந்துபோகிறோம். பெயர்ப் பட்டியல்தானே என்று. பாபிலோனிலிருந்து திரும்பிவந்தவர்களின் கணக்கு அது: சபையார் 42,360 பேர். அவர்களோடு வந்த குதிரைகள் 736, கோவேறு கழுதைகள் 245, ஒட்டகங்கள் 435, கழுதைகள் 6,720. கழுதைகளைக்கூட ஒன்று விடாமல் எண்ணி எழுதியிருக்கிறார்கள். அதே அதிகாரத்தில் சில ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடுகிறார்கள்; அது அகப்படவில்லை. ஆகவே அவர்கள் ஊழியத்திலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று வேதம் சொல்லவில்லை. அவர்கள் ஆசாரியர் அல்ல என்றும் தீர்த்துச் சொல்லவில்லை. எழுத்து அகப்படவில்லை என்று மட்டுமே இருக்கிறது. ஊரீம் தும்மீம் உடைய ஒரு ஆசாரியன் எழும்பும்வரை பரிசுத்த பந்தியில் அவர்களுக்குப் பங்கில்லை என்று அதிபதி சொல்லிவிட்டார். அந்தப் பங்கு ஆசாரியனின் மரியாதை மட்டுமன்று. அவன் குடும்பத்தின் ஆகாரம். அந்தக் கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தப் பகுதி எனக்கு முதன்முறையாகப் புரிந்தது. கழுதைகளுக்குக் கணக்கு இருந்தது. எங்கள் டீசலுக்கும் இருந்தது.

செயலாளர் நல்ல மனிதர், இரக்கமுள்ளவர். அவர் சொன்னார்: "பத்து வருஷம் எலக்ட்ரீஷியனா வேலை பார்த்தார்னு போட்டுருங்க ஐயா. அவருக்கு ஒயரிங் தெரியும்தானே? கோயில் லெட்டரை யார் சந்தேகப்படப் போறா?"

நான் அப்படியே தட்டச்சு செய்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. எலக்ட்ரீஷியன், பத்து ஆண்டுகள், இன்ன தேதி முதல் என்று ஒரு தேதியையும் நானே தெரிந்தெடுத்துப் போட்டேன். அச்சிட்டுக் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினேன். ஏழைக்கு இரங்குகிறேன் என்ற எண்ணம் எனக்குள் இதமாக இருந்தது. எங்கள் பிழையை அந்தத் தாளால் மூடுகிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதை வாங்கி வாசித்தவர் அந்தப் பணியாளர்தான். மெதுவாக, எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு கேட்டார்: "ஐயா, இதுல எலக்ட்ரீஷியன்னு இருக்கே. லைசென்ஸ் எங்கேன்னு கேட்டா நான் என்ன காட்டுவேன்? ஆஸ்பத்திரில பெரிய போர்டைத் திறன்னு சொன்னா எனக்கு என்ன தெரியும்? உள்ளே படுத்திருக்கிறவங்க எல்லாம் நோயாளிங்க ஐயா."

அந்தத் தாளை நான் அவர் முன்னாலேயே கிழித்தேன்.

பின்பு எங்களுக்கு உதவியது நாங்கள் நினைத்துப்பாராத ஒரு புத்தகம். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, விவாகத்தை நடத்துகிற போதகரைத் தவிர வேறு இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவேட்டில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். கலியாண அவசரத்தில் இரண்டாம் சாட்சி போட்டோ எடுக்கப் போய்விடுவார். அல்லது பந்தியில் உட்கார்ந்துவிடுவார். அப்போது யாரைக் கூப்பிடுவோம்? ஓரமாக நிற்கிற கோயில்குட்டியாரைத்தான். பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினோம். பக்கத்துக்குப் பக்கம் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஐந்தாறு இடங்களில், சாய்வான அதே கையெழுத்து. 'ஆலயப் பணியாளர்' என்று அவரே அடியில் எழுதியிருந்தார். முதலாவது கையெழுத்து அன்றைக்கு 10 வருடம் 4 மாதத்துக்கு முந்தியது. மற்றவர்களுடைய வாழ்வின் நல்ல நாளுக்குச் சாட்சியாக நின்றவருக்கு, அவருடைய உழைப்பின் நாட்களுக்குச் சாட்சியாக அந்தப் பக்கங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

புதிய கடிதம் எழுதினேன். எனக்கு நேரில் தெரிந்தது மூன்று ஆண்டு என்றும், அதற்கு முந்திய காலம் திருமணப் பதிவேட்டில் உள்ள கையெழுத்துகளால் தெரிகிறது என்றும் பிரித்து எழுதினேன். உத்தமர், கடின உழைப்பாளி என்ற சொற்களைக் குறைத்துக்கொண்டு, நீர்மூழ்கி மோட்டாரைப் பொருத்துவது, ஜெனரேட்டர் பராமரிப்பு, ஒலிபெருக்கி இணைப்பு, குழாய் வேலை என்று அவர் செய்ததை வரிசையாக எழுதினேன். எருசலேமில் சவுலை ஒருவரும் நம்பாதபோது பர்னபா அவருக்காகப் பேசியதை அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். சவுல் நல்லவர், வல்லவர் என்று பர்னபா புகழவில்லை. வழியில் கர்த்தரைக் கண்டார், கர்த்தர் அவரோடே பேசினார், தமஸ்குவில் தைரியமாய்ப் பிரசங்கித்தார் என்று நடந்ததைச் சொன்னார். எந்த இடம், என்ன நடந்தது, என்ன செய்தார். நல்ல சான்றிதழ் ஒன்றுக்கு அதுவே போதுமான இலக்கணம் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. விசாரித்த பெண் மரியாதையாகவே பேசினார். கடிதத்தில் உள்ளதையே நான் திரும்பச் சொன்னேன். சம்பளம் வங்கியில் போடப்பட்டதா, வருங்கால வைப்பு நிதி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எங்கள் விதிப்படி இதை அனுபவமாக எடுத்துக்கொள்வது கடினம் ஐயா என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நம்முடையவரை உதவியாளாகவே சேர்த்துக்கொண்டார்கள், 5,000 ரூபாய் குறைவாக. ஓராண்டு கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

கடைசி ஞாயிறு ஆராதனை முடிவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தோம். சபையார் கைதட்டினார்கள். அவரும் கண்கலங்கி நன்றி சொன்னார். அந்த வாரம் நான் தியானித்த பகுதி 1 சாமுவேல் 12. வயது சென்று தலை நரைத்த சாமுவேல் ஜனங்கள்முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரை ஒடுக்கினேன், இருந்தால் சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று கேட்கிறார். ஜனங்கள் ஒருமனதாய், நீர் அப்படிச் செய்யவில்லை என்கிறார்கள். பணியிலிருந்து விலகும் தலைவன் தன் கீழிருந்தவர்களிடம் சான்று கேட்கிற காட்சி அது. அந்த மேடையில் நின்றபடி அதே கேள்வியை நான் கேட்டிருந்தால், முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தவர் கையுயர்த்தியிருக்கலாம். மாதம் 5,000 ரூபாய் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால் என் பாரம் குறையவில்லை.

கர்த்தர் எல்லாவற்றையும் அறிவார், அவருடைய ஞாபகப்புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது என்று நாம் ஆறுதல் சொல்வதுண்டு. அது சத்தியம். ஆனால் எழுதவேண்டிய கடமை நம்முடையதாயிருக்கும்போது, பரலோகப் புஸ்தகத்தைச் சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொள்வது வேறு. நான் அதைத்தான் செய்யப் பார்த்தேன்.

வேலை தேடுகிற பிள்ளைகளே, உங்களுக்குச் சில காரியங்களைச் சொல்லட்டும். வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறவர்களுக்கு யுஏஎன் என்ற 12 இலக்க எண் உண்டு. நிறுவனம் மாறினாலும் அந்த எண் மாறாது. எந்த நிறுவனம் எந்த மாதம் உங்கள் பேரில் பணம் கட்டியது என்பது அதன் பாஸ்புக்கில் மாதவாரியாக இருக்கும். வேலை பார்த்த கம்பெனியே மூடப்பட்டு, கடிதம் கேட்க ஆளில்லாத நிலையில் நம் சபைச் சகோதரி ஒருத்தி நின்றாள். அவளுக்காகப் பேசியது அந்தப் பாஸ்புக்தான். ஆனால் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. ஆகவே மாதந்தோறும் திறந்து பாருங்கள். வேலையை விட்ட தேதி அதில் பதிவாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். முதலாளி பதியாவிட்டால், கடைசித் தொகை கட்டப்பட்டு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். சம்பளம் வருகிற வங்கிக் கணக்கின் அறிக்கையை ஆண்டுக்கொருமுறை எடுத்து வையுங்கள். வரி பிடிக்கப்பட்டிருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கோபத்தில் ஒரே நாளில் வேலையை விட்டு வந்துவிடாதீர்கள். ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, நோட்டீஸ் காலத்தை முடித்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிய பிறகு வெளியே வாருங்கள். சண்டைபோட்டு வந்த இடத்தில் இரண்டு வருடம் கழித்துக் கடிதம் கேட்டு நிற்பது எவ்வளவு கசப்பு என்பதை உங்களில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு தொல்லை, பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் வேறொன்று. ஜான் எங்கே, யோவான் எங்கே, இரண்டு இனிஷியல் எங்கே போயிற்று என்று கேட்டால், சரிபார்க்கிறவருக்கு இரண்டும் வேறு வேறு ஆளாகவே தோன்றும். இதை வேலைக்கு விண்ணப்பிக்குமுன் சரிசெய்துகொள்ளுங்கள். வேலை கிடைத்தபின் ஓடுவது பெரும்பாடு.

பணம் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் அச்சடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நம் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள் என்பதும் தெரியும். உங்கள்மேல் கல்லெறிய எனக்குத் தகுதியில்லை. அந்தக் கிழித்த தாளில் இருந்தது என் கையெழுத்து. ஆயினும் வேண்டாம் என்கிறேன். நிறுவனங்கள் இப்போது சரிபார்ப்பதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்தும் அந்தத் தொலைபேசி அழைப்பு வரலாம். அதுவரை ஒவ்வொரு அழைப்புக்கும் நடுங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இனி, கடை வைத்திருக்கிறவர்களே, தையல் யூனிட் நடத்துகிறவர்களே, வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்களே, உங்களோடும் ஒரு வார்த்தை. இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்கு வருங்கால வைப்பு நிதி பொதுவாகக் கட்டாயமில்லை. நம்முடைய ஆலயத்தில் இரண்டு பேர். உங்கள் கடையில் நான்கு பேர். ஆகவே அந்தப் பாஸ்புக் அவர்களுக்கு இல்லை. நீங்கள் எழுதிக் கொடுக்கிற தாளும், நீங்கள் வங்கியில் போடுகிற சம்பளமும்தான் அவர்களுக்கு இருக்கிற முழு ஆதாரம். பெயர், சேர்ந்த தேதி, செய்கிற வேலை, சம்பளம், உங்கள் கையெழுத்து, தொலைபேசி எண். ஒரு பக்கம்கூட வராது. லெட்டர் கொடுத்தால் வேறிடம் போய்விடுவார்கள் என்று ஒரு சகோதரர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகட்டுமே. யாக்கோபைப் பத்துமுறை சம்பளம் மாற்றி இருபது வருடம் வைத்துக்கொண்ட லாபானின் வீட்டை நாம் ஏன் நடத்தவேண்டும்?

நம் ஆலயத்தில் வேலை செய்கிற இருவருக்கும் இந்த மாதம் முதல் தேதியிலிருந்து சம்பளம் வங்கி வழியாகப் போகிறது. நியமனக் கடிதங்களைக் கமிட்டி ஒப்புக்கொண்டது. மூத்தவருடைய சேர்ந்த தேதியை மட்டும் இன்னும் தேடுகிறோம். 2009-க்கும் 2012-க்கும் இடையில் இந்த ஆலயத்தில் விவாகம் செய்துகொண்டவர்கள் உங்கள் திருமணச் சான்றிதழை எடுத்து, இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள். அவர் பெயர் இருந்தால் ஒரு நகலை அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் போதகர் அறைக்குக் கொண்டுவாருங்கள். பன்னிரண்டரை மணிவரை அங்கே இருப்பேன்.

உங்கள் போதகர்